17-க்கு நீ என்ன போட்டே?

போன வாரம் ஒரு வேலையாகப் பிரிக்பீல்ட்ஸ் போயிருந்தேன். வேலை முடிய மதியம் இரண்டு மணிக்கு மேலாகிவிட்டது. ஜாலான் துன் சம்பந்தனில் ஒரு கடைக்குள் நுழைந்து தே தாரிக் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் பள்ளிச் சீருடையில் நான்கு பேர். மூன்று பையன்கள், ஒரு பெண். நான்கு மைலோ ஐஸ், ஒரே தட்டு மீ கோரேங், நான்கு கரண்டி. ஐந்தாம் படிவம் என்று கேட்காமலே தெரிந்தது. ஒருவன் சட்டைப் பையில் 2பி பென்சில் இரண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"17-க்கு நீ என்னா போட்டே?"

"சி."

"நானும் சி."

"நான் முதல்ல பி போட்டேன். அப்புறம் அழிச்சிட்டு சி ஆக்கிட்டேன்."

"நல்ல வேளை லா!"

பெண் மட்டும் பேசவில்லை. ஸ்ட்ராவால் ஐஸைக் குத்திக்கொண்டிருந்தாள். கேட்டார்கள். "பி" என்றாள். மூவரும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தார்கள். எட்டு வயதில் கண்ணாடி டம்ளரைக் கீழே போட்டு உடைத்தவனை வீட்டில் எல்லோரும் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

கணிதம் முதல் தாள். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், ஒன்றரை மணி நேரம். எஸ்.பி.எம். கணிதம் எழுதிய யாருக்கும் அந்தத் தாளின் அமைப்பு மறக்காது. அது முடிந்து மண்டபத்தை விட்டு வெளியே வந்தவுடன் நடப்பதும் மறக்காது. கேள்வி மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சாகியிருக்கும். சூத்திரத்தை ஆங்கிலத்தில் சொல்வார்கள். சண்டை மட்டும் சுத்தத் தமிழில் நடக்கும்.

அவர்கள் சண்டை போட்ட கேள்வி என் காதிலும் விழுந்தது. எண்களைக் கொஞ்சம் மாற்றித் தருகிறேன். ஒருவர் ஓர் ஊருக்கு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டிப் போகிறார். அதே வழியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறார். மொத்தப் பயணத்தின் சராசரி வேகம் என்ன? ஏ 45, பி 48, சி 50, டி 52.

"60-ஐயும் 40-ஐயும் கூட்டு, ரெண்டால வகு. அம்பது. இதுல என்னா இருக்கு?" என்றான் பென்சில்காரன்.

"அப்படிக் கூட்டக் கூடாதுன்னு நினைச்சேன்" என்றாள் பெண், மெதுவாக.

"தூரமே கொடுக்கல. தூரம் இல்லாம வேற எப்படிச் செய்வே?"

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. மூன்றுக்கு ஒன்று. அடுத்து 18-க்குப் போய்விட்டார்கள்.

இந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம்மில் பலர் யு.பி.எஸ்.ஆர்., பி.எம்.ஆர்., எஸ்.பி.எம். என்று படிப்படியாக ஏறி வந்தவர்கள். 12 வயதிலேயே விடை ஒப்பிட்டு அழுதிருக்கிறோம். 15 வயதில் கொஞ்சம் தோல் தடித்துவிட்டது. இவர்களுக்கு அந்தப் படிகள் இல்லை. பெருந்தொற்றால் 2020-இல் யு.பி.எஸ்.ஆர். நடக்கவில்லை. 2021-இல் அதை எடுத்தே விட்டார்கள். பி.டி.3-ம் 2022-இல் போய்விட்டது. பள்ளியில் எத்தனையோ சோதனை எழுதியிருப்பார்கள், அது வேறு. நாடு முழுவதும் ஒரே நாளில், அடையாள அட்டையை மேசை மேல் வைத்துவிட்டு எழுதுகிற தேர்வு இவர்களுக்கு 17 வயதில்தான் முதல் முறை. அந்தத் தேர்வுகளை எடுத்தது சரியா தவறா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. முதல் முறை நீந்துபவனை ஆழத்தில் இறக்கியிருக்கிறோம் என்பதை மட்டும் பெற்றோர் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

நான் கிள்ளானில் வளர்ந்தவன். பி.எம்.ஆர். கணிதம் எழுதிய அன்று சாயங்காலமே டியூஷன் சார் வெள்ளைப் பலகையில் 1 முதல் 40 வரை விடைகளை வரிசையாக எழுதிப் போட்டார். நாங்கள் தரையில் உட்கார்ந்து நினைவிலிருந்து சரி பார்த்தோம். எனக்கு 33 வந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் இன்னொரு டியூஷனில் படிக்கும் நண்பனைப் பார்த்தேன். அவர்கள் சார் போட்ட விடைப் பட்டியல் அவன் கையில் இருந்தது. நான்கு கேள்விகளில் இரண்டு சாரும் ஒத்துப் போகவில்லை. அவர் கணக்குப்படி எனக்கு 35. அன்றிரவு நான் 35-ஐ நம்பித் தூங்கினேன். இன்று வரை அந்த நான்கில் யார் சரி என்று எனக்குத் தெரியாது.

தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. எஸ்.பி.எம். முடிந்த மறுநாள் அதிகாரபூர்வ விடைப் பட்டியல் என்று ஒன்று நம் கைக்கு வருவதில்லை. மாதக்கணக்கில் காத்திருந்து முடிவு வாங்கினால் ஏ பிளஸ், ஏ, ஏ மைனஸ், பி பிளஸ் என்று தரம் இருக்கும். மதிப்பெண் இருக்காது. திருப்தி இல்லை என்றால் மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். அதிலும் தரம் மாறியதா இல்லையா என்பதுதான் வரும். 17-வது கேள்வியை நீ சரியாகச் செய்தாயா என்று யாரும் உன்னிடம் சொல்லப் போவதில்லை. ஆக, மைலோ ஐஸை வைத்துக்கொண்டு நடக்கும் அந்த அரைமணி நேரச் சண்டைதான் அந்தக் கேள்விக்குக் கிடைக்கிற ஒரே விசாரணை. தீர்ப்பு தப்பாக இருந்தால் அந்தத் தப்பே நிலைத்துவிடும். 'விடை ஒப்பிடாதே, மனம் கெடும்' என்று ஆசிரியர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் பிள்ளைகள் ஏன் கேட்பதில்லை என்பதும் எனக்குப் புரிகிறது.

இந்தியாவில் நிலைமை வேறு. நீட், ஜே.இ.இ. போன்ற தேர்வுகளுக்கு முதலில் தற்காலிக விடைப் பட்டியல் வெளியாகும். கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபம் தெரிவிக்கலாம். 2024 நீட் தேர்வில் அணுவைப் பற்றிய ஓர் இயற்பியல் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. பழைய பாடநூலை நம்பி ஒரு விடையைப் போட்டவர்களுக்கும், புதிய நூல்படி இன்னொன்றைப் போட்டவர்களுக்கும் மதிப்பெண் கொடுத்திருந்தார்கள். எது சரி என்று சொல்ல டில்லி ஐ.ஐ.டி. நிபுணர்களிடம் நீதிமன்றம் கேட்டது. ஒன்றுதான் சரி என்று பதில் வந்தது. அங்கே தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிப்பார்கள். சரி என்று கொடுத்த 4 போனது. தப்பு என்று 1 கழிந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு ஒரே கேள்வியில் 5 மதிப்பெண் குறைந்தது. வெளிப்படையாக இருந்தால் வலிக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மாணவர்களுக்கு எங்கே வலிக்கிறது என்றாவது தெரியும்.

விடைத்தாள் திரும்பக் கைக்கு வந்ததால் நடந்த ஒரு நல்ல விஷயமும் உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 1979-இல் ஒரு சட்டம் போட்டது: தேர்வு எழுதியவர் கேட்டால் கேள்வியையும் விடையையும் காட்ட வேண்டும் என்று. அந்த அலையில், 1980-இல் பி.எஸ்.ஏ.டி. என்ற தேர்வை எழுதிய மாணவர்களுக்கு விடைகள் தெரியவந்தன. புளோரிடாவைச் சேர்ந்த டேனியல் லோவன் என்ற 17 வயது மாணவன் தனக்குத் தப்பு என்று போட்டிருந்த ஒரு கேள்வியைப் பார்த்தான்.

கேள்வி இதுதான். ஒரு கூம்பகத்துக்கு எல்லாப் பக்கமும் சமபக்க முக்கோணம், மொத்தம் 4 முகங்கள். இன்னொரு கூம்பகத்துக்கு அடி சதுரம், மற்றவை அதே அளவு முக்கோணங்கள், மொத்தம் 5 முகங்கள். முக்கோணத்தோடு முக்கோணம் சரியாகப் பொருந்தும்படி இரண்டையும் ஒட்டினால் வெளியே எத்தனை முகங்கள் தெரியும்? 4-ம் 5-ம் 9, ஒட்டிய இடத்தில் இரண்டு மறைந்தது, மீதி 7. தேர்வு வாரியத்தின் விடையும் 7. லோவன் போட்டது 5. அவன் உட்கார்ந்து அந்த உருவங்களைச் செய்தே பார்த்துவிட்டான். ஒட்டினால் இரண்டு இடங்களில் பக்கத்துப் பக்கத்து முக்கோணங்கள் ஒரே மட்டத்தில் வந்து ஒரே முகமாகிவிடுகின்றன. அப்படி இரண்டு குறைய, 5. தேர்வு நடத்தியவர்கள் தங்கள் தவற்றை ஒப்புக்கொண்டு மதிப்பெண்களைத் திருத்தினார்கள். வீட்டில் தடித்த காகிதம் இருந்தால் விடுமுறையில் செய்து பாருங்கள். நான் செய்து பார்த்தேன். பசை காய்வதற்குள் பொறுமை போய்விட்டது, ஆனாலும் 5-தான்.

அதோடு நிற்கவில்லை. 1982 மே மாதத்து எஸ்.ஏ.டி. கணிதத் தாளில் இன்னொன்று. பெரிய வட்டத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆரமுள்ள சின்ன வட்டம், பெரிய வட்டத்தைச் சுற்றி உருண்டு புறப்பட்ட இடத்துக்கே வருகிறது. சின்ன வட்டம் தன்னைத்தானே எத்தனை முறை சுற்றியிருக்கும்? வாரியத்தின் விடை 3. உண்மையான விடை 4. கொடுத்திருந்த ஐந்து விடைகளில் 4 இல்லவே இல்லை! ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் எழுதிய தாளில் மூன்றே மூன்று மாணவர்கள் எழுதிக் கேட்டார்கள். கேள்வியை நீக்கிவிட்டுத் திரும்பக் கணக்குப் போட்டார்கள். நம்ப முடியவில்லையா? ஒரே அளவு 20 சென் காசுகள் இரண்டை எடுங்கள். ஒன்றை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதை அதன் விளிம்பில் நழுவாமல் உருட்டி ஒரு சுற்று கொண்டுவாருங்கள். ஒரு முறைதான் சுழலும் என்று நினைப்போம். இரண்டு முறை சுழலும்.

நம் ஊரிலும் தேர்வுத்தாளே பொய்த்த கதை உண்டு. 2014 செப்டம்பரில் யு.பி.எஸ்.ஆர். எழுதிவிட்டுப் பிள்ளைகள் விடை ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோதே தாள்கள் கசிந்த செய்தி வந்தது. ஆங்கிலமும் அறிவியலும் செப்டம்பர் 30-இல் மறுபடி. அதுவும் போதாதென்று கணிதமும் தமிழ்மொழியும் அக்டோபர் 9-இல் மறுபடி. கணக்கு நன்றாகச் செய்தோம் என்று துள்ளிய 12 வயதுப் பிள்ளைக்கு, 'நீ செய்தது செல்லாது, இன்னொரு முறை செய்' என்று விளக்க வேண்டிய வேலை தமிழ்ப்பள்ளிப் பெற்றோருக்கு வந்தது. எந்த வீட்டில் அது சுலபமாக நடந்திருக்கும்?

சரி, மேசைக்கு வருவோம். மூன்று பேர் சி, ஒருத்தி பி. மூவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

இதைப் பற்றி 1785-இலேயே கோந்தோர்சே என்ற பிரெஞ்சுக்காரர் கணக்குப் போட்டுவிட்டார். ஒரு கேள்வியைச் சரியாகச் செய்ய ஒவ்வொருவருக்கும் 70 விழுக்காடு வாய்ப்பு என்று வையுங்கள். ஒருவர் மற்றவரைப் பார்க்காமல் எழுதுகிறார்கள். மூவரில் பெரும்பான்மை சொல்வது சரியாக இருக்க 78 விழுக்காடு வாய்ப்பு. தனி ஆளைவிடக் கூட்டம் மேல். ஆனால் கேள்வி குழப்பமானது, ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு 40 விழுக்காடுதான் என்றால்? பெரும்பான்மை சரியாக இருக்கும் வாய்ப்பு 35-ஆக இறங்கிவிடும். சுலபமான கேள்வியில் கூட்டம் உதவும். பொறி வைத்த கேள்வியில் கூட்டத்தோடு போனால் பெரும்பாலும் பொறியில்தான் போய் விழுவோம்.

பொறி வைப்பது கேள்வி தயாரிப்பவர்களின் தொழில். சரியான விடையை எழுதுவது சின்ன வேலை. மற்ற மூன்றை எழுதுவதில்தான் திறமை இருக்கிறது. பிள்ளைகள் வழக்கமாக எங்கே சறுக்குவார்கள் என்று யோசித்து, சறுக்கினால் வரும் எண்ணையே விடையாக வைப்பார்கள். 20 விழுக்காடு தள்ளுபடிக்குப் பிறகு ஒரு சட்டை 80 ரிங்கிட். பழைய விலை என்ன? 80-இல் 20 விழுக்காடு 16, கூட்டினால் 96. விடைகளில் 96 கண்டிப்பாக இருக்கும். அதைப் பார்த்ததும் மனசு 'அப்பாடா, இருக்கிறது' என்று நிம்மதியாகக் கறுப்பாக்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். சரியான விடை 100. உங்கள் பிள்ளை தப்பாகச் செய்து, நண்பர்கள் எல்லோரும் அதையே செய்திருந்தால் அது ஆச்சரியம் இல்லை. அப்படிச் செய்ய வைக்கத்தான் அந்த எண் அங்கே உட்கார்ந்திருக்கிறது.

கண்ணை மூடிக்கொண்டு 40-க்கும் குத்துமதிப்பாகப் போட்டால் சராசரியாக 10 கிடைக்கும். பெரும்பாலும் 7-க்கும் 13-க்கும் நடுவில் நிற்கும். 20-ஐத் தொட ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வாய்க்காது. எஸ்.பி.எம்.-இல் தப்புக்குக் கழிப்பது இல்லை, அதனால் எதையும் காலியாக விடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம்.

கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இந்த முறைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1914-15 வாக்கில் அமெரிக்காவின் கன்சாஸில் பிரடெரிக் கெல்லி என்பவர் வாசிப்புச் சோதனைக்காக இதைக் கொண்டுவந்தார். திருத்துபவருக்குத் திருத்துபவர் மதிப்பெண் மாறுகிறதே என்பது அவர் கவலை. இயந்திரத்தால் திருத்தும் யோசனை 1930-களில் ரேனால்ட் ஜான்சன் என்ற மிச்சிகன் பள்ளி ஆசிரியருக்கு வந்தது. சின்ன வயதில் தன் அக்காமாரைப் பார்க்க வரும் இளைஞர்களின் கார் ஸ்பார்க் பிளக்கில் பென்சிலால் கோடு கிழித்துவிட்டு, வண்டி கிளம்பாமல் அவர்கள் தவிப்பதை வேடிக்கை பார்ப்பாராம். பென்சில் கரியில் மின்சாரம் ஓடும் என்பது அப்படித்தான் அவருக்குத் தெரியும். அதை வைத்தே விடைத்தாள் திருத்தும் இயந்திரம் செய்தார். ஐ.பி.எம். நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. கணினி ஹார்ட் டிஸ்க்கை முதலில் உருவாக்கிய குழுவுக்கும் பின்னாளில் இவர்தான் தலைவர். இப்போது மின்சாரம் இல்லை, ஒளியால் படிக்கிறார்கள். 2பி மட்டும் போகவில்லை.

இனி அந்த அழித்துத் திருத்திய பையனுக்கு வருகிறேன். 'முதலில் மனசில் பட்டதை மாற்றாதே' என்று நமக்கு எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! நானே என் அக்கா மகனுக்குச் சொல்லியிருக்கிறேன். அது தப்பு. இலினாய் பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் குரூகரும் மற்றவர்களும் 1,500-க்கும் மேற்பட்ட மாணவர்களின் விடைத்தாள்களில் அழித்த தடங்களை எண்ணிப் பார்த்து 2005-இல் வெளியிட்டார்கள். மாற்றியவற்றில் 51 விழுக்காடு தப்பிலிருந்து சரிக்குப் போயிருந்தன. 25 விழுக்காடுதான் சரியிலிருந்து தப்புக்கு. மீதி, தப்பிலிருந்து வேறொரு தப்புக்கு. அப்படியானால் மாற்றாதே என்று ஏன் எல்லோரும் நம்புகிறோம்? மாற்றிச் சரியானதை உடனே மறந்துவிடுகிறோம். கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டோமே என்ற அந்த 25 மட்டும் ஆண்டுக்கணக்கில் குத்திக்கொண்டே இருக்கும்.

முதல் தாள் 40, இரண்டாம் தாள் 100, கூட்டினால் 140. அதில் 17-வது கேள்வி ஒன்றே ஒன்று. இப்படிச் சொன்னால் சின்ன விஷயம். ஆனால் நம் வீடுகளில் அது சின்ன விஷயமாக இல்லை. 2024 ஜூனில் பிரதமர் அன்வார் இப்ராகிம், எஸ்.பி.எம்.-இல் 10 ஏ-வும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இனம் பாராமல் மெட்ரிகுலேஷனில் இடம் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டே ஏ மைனஸ் இந்தக் கணக்கில் சேருமா சேராதா என்று பெரிய வாக்குவாதம். ஏ-வுக்கும் ஏ மைனஸுக்கும் நடுவில் உள்ள கோட்டில் நிற்கிற பிள்ளைக்கு ஒரு கேள்வி என்பது ஒரு கேள்வி இல்லை. இது பிள்ளைக்கும் தெரியும், அப்பா அம்மாவுக்கும் தெரியும். அதனால்தான் வீட்டு வாசலிலேயே 'எத்தனை சரி?' என்று கேட்டுவிடுகிறோம். நம் நிம்மதிக்காகக் கேட்கிறோம். பதில் சொல்ல வேண்டிய பிள்ளைக்கு அடுத்த தாள் பாக்கி இருக்கிறது. எஸ்.பி.எம். ஒரு நாளில் முடிகிற காரியம் இல்லை, வாரக்கணக்கில் இழுக்கும். விடையை ஒப்பிடக் கூடாது என்று நான் யாருக்கும் சொல்லப் போவதில்லை. நாற்பதாவது வயதிலும் அந்த நான்கு கேள்விகளை நினைத்துக்கொண்டிருக்கிறவன் அதைச் சொல்ல முடியாது. கேட்பதானால் 'எத்தனை சரி' என்பதற்குப் பதில் 'எந்தக் கேள்வியில் சண்டை?' என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை கொஞ்சம் பேசும்.

அன்று கடையில் நான் பில்லைத் திருப்பிப் போட்டுக் கணக்கைச் செய்து பார்த்தேன். பேனாவைக் கல்லாக்காரரிடம் கடன் வாங்கினேன். அந்த ஊர் 120 கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதாக வைத்தால் போக 2 மணி நேரம், வர 3 மணி நேரம். 240 கிலோமீட்டருக்கு 5 மணி நேரம். மணிக்கு 48. தூரத்தை 60 என்று வைத்தாலும் 48, 600 என்று வைத்தாலும் 48. மெதுவாக வந்த பாதியில்தான் அதிக நேரம் சாலையில் இருக்கிறார். அதனால் சராசரி 40 பக்கமாகச் சாய்கிறது. சாயங்காலம் கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளான் பக்கம் கார் ஓட்டுகிறவர்களுக்கு இதைச் சூத்திரம் போட்டு விளக்க வேண்டியதில்லை. விடை பி.

திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் எழுந்துவிட்டாள். கடை வாசலில் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கையில் இன்னொரு ஹெல்மெட்டோடு நின்றார். "எப்படிமா?" என்று கேட்டார். "ஓகேப்பா" என்றாள். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டாள். வண்டி போய்விட்டது. அவளுடைய மைலோ பாதி அப்படியே இருந்தது.

பையன்கள் மூவரும் இன்னும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு என்ன வந்தது என்று சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. பில்லை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் மேசையில் வைத்தேன். "தம்பி, 17-க்கு இப்படிச் செஞ்சு பாருங்க."

பென்சில்காரன் பார்த்தான். இரண்டு முறை பார்த்தான். "அலாமாக்!" என்றான். அடுத்தவன் அதை வாங்கி 60-க்குப் பதில் வேறு தூரம் போட்டுப் பார்த்தான். அதற்கும் 48.

"அப்ப அவ போட்டதுதான் சரி" என்றான்.

"அவகிட்ட சொல்லிடுங்கப்பா" என்றேன்.

"இப்ப ஃபோன் இல்ல அங்கிள், ஸ்கூலுக்குக் கொண்டு வர முடியாது. வீட்டுக்குப் போனதும் குரூப்ல போடுறேன்."

"குரூப்ல வேணாம். அவளுக்குத் தனியா போடு."

"சரி அங்கிள்."

அழித்துத் திருத்திய பையன் இதுவரை வாயைத் திறக்கவில்லை. பில்லை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். "நான் முதல்ல அதான் போட்டேன், அங்கிள்" என்றான். என்னிடம் சொன்னானா, தனக்கே சொல்லிக்கொண்டானா என்று தெரியவில்லை. இலினாய் கணக்கை அவனிடம் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அந்த 25-இல் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறான். அவனிடம் போய் 51-ஐப் பற்றி என்ன பேசுவது?

"அடுத்து என்ன தாள்?" என்று மட்டும் கேட்டேன்.

"அட் மேத்ஸ், அங்கிள்" என்றான். கொஞ்சம் சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. "அதுல ஏ, பி, சி, டி எல்லாம் கிடையாது."